பிளாஸ்டிக் கயாக்கில் ஓட்டையா? பசையைத் தேடி ஓடாதீர்கள்

என் கயாக்கின், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் என் சிறு படகின், பின்முனையில் விழுந்தது கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் ஓட்டைதான். அதை அடைக்க மூன்று வாரமும் நான்கு விதப் பசையும் செலவாயின. ஒவ்வொரு முறையும் பசை கல் மாதிரி இறுகி நிற்கும். நானும் நம்பித் தண்ணீரில் இறக்குவேன். ஒரு பாறையில் லேசாக உரசியதும், ஆறிய புண்ணின் பொருக்கு உரிவதுபோல முழுசாகக் கழன்று வந்துவிடும்.

ஐந்தாவது முயற்சியில்தான் விஷயம் பிடிபட்டது. பெரும்பாலான பிளாஸ்டிக் கயாக்குகள் பாலிஎத்திலீனால் ஆனவை. அதன் மேற்பரப்பு மெழுகுத் தன்மை கொண்டது, சாதாரணப் பசை எதுவும் அதைப் பற்றிக்கொள்ளாது. உருக்கி, அதே இனப் பிளாஸ்டிக்கைச் சேர்த்து, ஒன்றாக்க வேண்டும், அதாவது பிளாஸ்டிக் வெல்டிங் செய்ய வேண்டும். தெரிந்து செய்தால் கைவேலை மூன்று நான்கு மணி நேரம்தான். காயவும் ஆறவும் விடும் நேரத்தோடு சேர்த்து ஒரு வாரக்கடைசி போதும்.

ரப்பர் போல மடித்து, காற்றடித்து ஓட்டும் கயாக்குக்கு இது பொருந்தாது. அதற்குத் துணியும் பசையும்தான் வழி. இங்கே சொல்வதெல்லாம் கெட்டியான பிளாஸ்டிக் கயாக்குக்கு மட்டும்.

1. முதலில், அது ஓட்டைதானா என்று பாருங்கள்

உள்ளே தண்ணீர் சேர்கிறது என்றதும் அடிப்பாகத்தைத் தடவ ஆரம்பிக்காதீர்கள். தண்ணீரை வடிக்கும் மூடியைக் கழற்றி அதன் வாஷரைப் பாருங்கள். அது காய்ந்து வெடித்திருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், வாஷரை மாற்றினால் முடிந்தது. அடுத்து கைப்பிடி, இருக்கை, துடுப்புத் தாங்கி ஆகியவற்றைப் பிடித்திருக்கும் திருகாணிகளும் ரிவெட்டுகளும். அவை ஆடினால் அந்தத் துளை வழியாகவே தண்ணீர் கசியும். சாமான் அறையின் மூடி விளிம்பையும் விட்டுவிடாதீர்கள்.

இவையெல்லாம் சரி என்றால் படகை உயரமான இரண்டு தாங்கிகளில் வைத்து, உள்ளே பத்துப் பதினைந்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். வெளியே எங்கே ஈரம் கசிகிறதோ அங்கே பென்சிலால் வட்டமிடுங்கள். முழுக்க நிரப்பவே கூடாது. ஒரு லிட்டர் ஒரு கிலோ, நூறு லிட்டர் ஊற்றினால் நூறு கிலோ. தாங்கியில் நிற்கும் படகு அந்த எடையில் வளைந்துவிடும்.

மேலே அமர்ந்து ஓட்டும் வகையில் உடல் மூடியிருப்பதால் இதைச் செய்வது கடினம். அதற்குத் தண்ணீரை வடிக்கும் மூடியைக் கழற்றி, அந்தத் துளையில் வாயை வைத்தோ கைப்பம்பாலோ மெல்லக் காற்றடித்து, வெளியே சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும். கம்ப்ரஸரைக் கொண்டு அடிக்காதீர்கள். சின்ன விரிசல் பெரிய விரிசல் ஆகிவிடும்.

2. காகிதங்களை எடுங்கள், கருவியை அப்புறம் எடுக்கலாம்

நான் கோட்டைவிட்டது இங்கேதான். வாங்கிய ரசீது, உத்தரவாத அட்டை, படகின் அடையாள எண் மூன்றையும் முதலில் ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள். அடையாள எண் வழக்கமாகப் பின்முனையின் வலப்பக்கத்தில், பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும். மேலே அழுக்கு படிந்து தெரியாமல் இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். எந்த ஆண்டு மாடல் என்பது பெரும்பாலும் அந்த எண்ணின் கடைசி இலக்கங்களில் இருக்கும்.

விரிசல் எதிலும் மோதாமல் தானாகவே வந்திருந்தால் அது தயாரிப்புக் குறையாக இருக்கலாம். அப்படியென்றால் உத்தரவாதத்தில் கேளுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து நாலைந்து படம் எடுத்து, ரசீதோடு அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். நீங்களே சூடு வைத்த படகை உத்தரவாதத்தில் ஏற்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. நான் நான்கு பசைகளையும் பூசி முடித்த பிறகுதான் விற்ற இடத்தில் போய்க் கேட்டேன். பசை அடையைப் பார்த்ததும் அவர்கள் தலையை ஆட்டிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை.

3. எந்தப் பிளாஸ்டிக் என்று உறுதி செய்யுங்கள்

சில படகுகளில் முக்கோண அம்புக்குறிக்குள் எண் இருக்கும். 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன், 4 என்றால் அடர்த்தி குறைந்தது. இரண்டையும் உருக்கி இணைக்கலாம். 7 என்றால் இதர வகை என்று மட்டும் பொருள், சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

எண் இல்லையென்றால் விளிம்பின் உள்பக்கத்திலிருந்து ஒரு சிறு சீவலை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். பாலிஎத்திலீன் மிதக்கும். ஏ.பி.எஸ். என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக் மூழ்கும். சீவலில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் ஏமாற்றிவிடும், அதனால் விரலால் அமுக்கி முக்கிவிட்டுப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் திறந்த வெளியில், குறட்டில் பிடித்து, அந்தச் சீவலைக் கொளுத்துங்கள். பாலிஎத்திலீன் சொட்டுச் சொட்டாக உருகி எரியும், மெழுகுவர்த்தியை அணைத்தது போன்ற வாசனை வரும். ஏ.பி.எஸ். கரும்புகை கக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. சூடான சால்டரிங் அயர்னின் நுனியை மறைவான ஓரிடத்தில் வைத்துப் பாருங்கள். குழைந்து, இழுத்தால் நூலாக வந்தால் நல்லது. ரப்பர் போல இளகுகிறதே தவிர ஓடவில்லை என்றால் அது குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீன். அது உருகாது, வெல்டிங்குக்கும் அடங்காது. அதற்கும் ஏ.பி.எஸ்.ஸுக்கும் என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

4. கருவிகளும் செலவும்

தேவையானவை இவ்வளவுதான்: வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி), தட்டை நுனியுள்ள சால்டரிங் அயர்ன், பாலிஎத்திலீன் வெல்டிங் கம்பி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வலையில் ஒரு துண்டு, ட்ரில், பிளேடு கத்தி, சுரண்டி, அரம், உப்புத்தாள், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தடித்த தோல் கையுறை, ஒரு பழைய எஃகுக் கரண்டி. கரண்டி எதற்கு என்கிறீர்களா? உருகிய பிளாஸ்டிக்கை அமுக்கி வழவழப்பாக்க அதன் முதுகை விட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

இதில் செலவு பிடிப்பது ஹீட் கன் ஒன்றுதான். இரவல் கிடைத்தால் வாங்காதீர்கள். கம்பியும் வலையும் கொஞ்சமே தேவைப்படும். ஆனால் கம்பியில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். கயாக் தயாரிப்பாளரிடமோ விற்பவரிடமோ அதே நிறத்தில் கம்பி கிடைக்குமா என்று கேளுங்கள். சாமான் அறைக்காக வெட்டி எடுத்த வட்டத் துண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். அதை மெல்லிய கீற்றுக் கீற்றாக வெட்டினால் அதுவே கம்பி.

பாட்டில், டப்பா, மூடி என்று வீட்டில் கிடப்பதை உருக்கி ஊற்றும் யோசனை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. பாட்டில் 2ஆம் எண்ணாகவே இருந்தாலும் அதன் ரகம் படகின் ரகத்தோடு ஒத்துப்போகும் என்பதில்லை. மூடிகள் இன்னும் மோசம். பல மூடிகள் 5ஆம் எண், அதாவது பாலிபுரொப்பிலீன். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், தண்ணீரிலும் மிதக்கும், உருகவும் உருகும். ஆனால் பாலிஎத்திலீனோடு சேராது. ஆறியதும் நகத்தால் பெயர்த்துவிடலாம்.

கருவியே வேண்டாம், ஆளிடம் கொடுத்துவிடலாம் என்றால் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகளை வெல்டிங் செய்பவரைத் தேடுங்கள். அந்தத் தொட்டிகளும் கயாக்கும் ஏறத்தாழ ஒரே பிளாஸ்டிக், ஒரே அச்சு முறை. கார் பம்பர் வெல்டிங் செய்பவரும் செய்து தருவார், ஆனால் பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் கலவை. அவர் கையில் இருக்கும் கம்பி உங்கள் படகுக்கு ஆகாது. கம்பியை நீங்களே வாங்கிக் கொண்டுபோங்கள்.

5. தயார் செய்தல்: பாதி வேலை இதுதான்

முதல் நாள் மாலையே படகைக் கழுவி, கவிழ்த்து, முழுக்கக் காயவிடுங்கள். விரிசலுக்குள் ஈரம் இருந்தால் சூடு வைத்ததும் அது ஆவியாகி, வெல்டிங்கில் குமிழி விழும்.

காய்ந்தபின் விரிசலின் இரண்டு முனைகளையும் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியும் முனை உண்மையான முனை அல்ல. லேசாக அமுக்கி வளைத்தால் விரிசல் இன்னும் கொஞ்சம் நீண்டிருப்பது தெரியும். அந்த உண்மையான முனையில் 3 மி.மீ. அளவில் ஒரு துளை போடுங்கள். ஓட்டையை அடைக்க வந்த இடத்தில் புதிதாக ஓட்டை போடுவதா என்று கை தயங்கும். போடுங்கள். கூர்மையான முனையில்தான் இழுவிசை குவியும். அதை வட்டமாக்கிவிட்டால் விரிசல் அங்கேயே நிற்கும். போடாமல் விட்டால் நீங்கள் வெல்டிங் செய்த இடம் உறுதியாக இருக்கும், விரிசலோ அதைத் தாண்டி ஓடியிருக்கும்.

அடுத்து விரிசல் நெடுக ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் பள்ளம் வெட்டுங்கள். சுவரின் கனத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை ஆழம் போதும். கயாக்கின் சுவர் பல இடங்களில் 5, 6 மி.மீ. இருக்கும். ஆனால் தரையில் இழுத்து இழுத்துத் தேய்ந்த பின்முனை இதைவிட மெல்லிசாகியிருக்கும், கத்தியை மெதுவாக விடுங்கள்.

பள்ளத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு மேல்தோலைச் சுரண்டுங்கள். வெயில் பட்டு வெளிறிய அந்தத் தோல் உருகினாலும் சேராது. அடியில் பளிச்சென்ற புது நிறம் தெரிய வேண்டும். அப்புறம் ஆல்கஹாலால் துடைத்து, அது முழுக்க ஆவியாகும் வரை காத்திருங்கள். ஈரத்தோடு சூடு வைத்தால் தீப்பிடிக்கும்.

என்னைப்போல ஏற்கெனவே பசை பூசியிருந்தால் அதைத் துளிகூட விடாமல் சுரண்டுங்கள். சிலிக்கான் பூசிய இடம்தான் மிக மோசம். எடுத்துவிட்டோம் என்று நினைப்போம், கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் தங்கியிருக்கும். எனக்கு இதற்கு மட்டும் அரைநாள் போனது.

6. முதலில் ஒரு சோதனை வெல்டிங்

படகில் கை வைக்கும் முன், அதே ரகத் துண்டின் மீதோ, இருக்கைக்கு அடியில் யாரும் பார்க்காத இடத்திலோ கம்பியை ஒரு விரல் நீளத்துக்கு வெல்டிங் செய்து, நன்றாக ஆறவிட்டு, குறட்டால் பிடித்து இழுங்கள். கம்பி அடியிலிருக்கும் பிளாஸ்டிக்கையும் பிய்த்துக்கொண்டு வந்தாலோ, கம்பியே இழுபட்டு அறுந்தாலோ உங்கள் சூடு சரி. பளபளப்பான தடத்தை விட்டு முழுசாக உரிந்து வந்தால் சரியில்லை. அடிப்பிளாஸ்டிக் உருகவில்லை, அல்லது கம்பி வேறு இனம். சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எனக்கு ஆறாவது தடவைதான் வந்தது.

7. வெல்டிங்

திறந்த வெளியில், அல்லது காற்று நன்றாகப் போய்வரும் இடத்தில் செய்யுங்கள். அதற்கு முன் ஒரு முக்கியமான விஷயம்: உள்ளே மிதப்புக்காக வைத்திருக்கும் ஃபோம் கட்டைகள் சூடு வைக்கும் இடத்துக்கு அருகே இருந்தால் எடுத்துவிடுங்கள். அவை எளிதில் உருகும், தீயும் பிடிக்கும்.

பாலிஎத்திலீன் சுமார் 120 முதல் 135 டிகிரி செல்சியஸில் உருகும். ஹீட் கன்னிலிருந்து வரும் காற்று 250 முதல் 300 டிகிரி வரை இருக்கட்டும். 250இல் தொடங்கிப் பார்த்துப் பார்த்துக் கூட்டுங்கள். கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். மங்கலாக இருக்கும் மேற்பரப்பு திடீரென ஈரம் பட்டதுபோல மினுமினுக்கும். அதுதான் தருணம். புகை வந்தாலோ பழுப்பேறினாலோ கருக்கிவிட்டீர்கள். கருகிய பகுதியைச் சீவி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குங்கள், அதன்மேலேயே தொடராதீர்கள்.

முதலில் கம்பி இல்லாமல், சால்டரிங் அயர்னின் தட்டை நுனியால் பள்ளத்தின் அடிப்பகுதியை இரண்டு பக்கத்திலிருந்தும் குழைத்துச் சேர்த்துவிடுங்கள். விரிசல் நகராமல் நிற்க இது உதவும்.

அப்புறம் கம்பி. புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று இங்கே இருக்கிறது: சூட்டைக் கம்பிக்குக் காட்டி, அதை உருக்கி, ஆறிய படகின்மேல் சொட்டவிடுவது. பார்க்க அழகாக நிரம்பும். ஆனால் அது வெறும் மேல்பூச்சுதான், நான் பூசிய பசைகளுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. கம்பி மெல்லிசு, தானாகவே சீக்கிரம் இளகிவிடும். படகின் சுவர்தான் கனமானது, சூடேற நேரமெடுக்கும். எனவே சூட்டில் பெரும்பங்கைப் படகுக்குக் காட்டுங்கள். பள்ளத்தின் இரு சுவர்களும் மினுமினுத்த பிறகு, அதே நேரத்தில் இளகிய கம்பியை அதனுள் அழுத்திச் செலுத்துங்கள். இரு பக்கமும் சின்ன வரம்புபோலப் பிதுங்கி வந்தால் இரண்டும் கலந்துவிட்டன என்று அர்த்தம். இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கரண்டியின் முதுகால் அழுத்துங்கள்.

பள்ளம் சுற்றியுள்ள மட்டத்தைவிடக் கொஞ்சம் மேடாகும்வரை நிரப்புங்கள். சுவர் முழுவதும் இளகி உள்ளே தொய்வதுபோலத் தெரிந்தால் உடனே கன்னை விலக்குங்கள். உள்ளே கை போகும் இடமாக இருந்தால் அலுமினியத் தாள் சுற்றிய ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுத்துவிட்டு வேலை செய்வது நல்லது.

விரிசல் நான்கைந்து சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தாலோ, ஆள் அமரும் இடத்துக்கு அடியில் இருந்தாலோ வலை அவசியம். விரிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, முடிந்தால் படகின் உள்பக்கத்தில் வையுங்கள். சால்டரிங் அயர்னால் வலையின் மேல் அழுத்தினால் அது சூடேறிப் பிளாஸ்டிக்குக்குள் அமிழும். கண்ணிகளின் வழியே பிளாஸ்டிக் மேலே பொங்கி வர வேண்டும். பிறகு அதன்மேல் கம்பியை உருக்கி முழுக்க மூடுங்கள். ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அடுத்த பயணத்தில் உங்கள் காலைக் கிழிக்கும்.

8. விரிசல் இல்லை, பெரிய பொத்தல் என்றால்

பிய்ந்த விளிம்புகளை வெட்டி எறிந்து, பொத்தலை வட்டமாகவோ நீள்வட்டமாகவோ ஆக்குங்கள். சதுரம் வேண்டாம், மூலையில் மறுபடி விரிசல் தொடங்கும். விளிம்பை வெளிப்பக்கம் அகலமாகவும் உள்பக்கம் குறுகலாகவும் சாய்வாகச் சீவுங்கள். அதே கனமுள்ள துண்டை அதே சாய்வில் வெட்டினால் தக்கைபோல உட்காரும், உள்ளே விழாது. துண்டின் நடுவில் ஒரு திருகாணியைப் பாதி மட்டும் முடுக்கிவைத்தால் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி ஆகும். சுற்றிலும் நான்கு இடத்தில் முதலில் பற்றவைத்துவிட்டு, எதிரெதிர்ப் பக்கங்களாக மாறி மாறி முடியுங்கள். கடைசியில் திருகாணியைக் கழற்றி அந்தத் துளையையும் கம்பியால் நிரப்புங்கள்.

மேலே அமரும் வகையில், தண்ணீர் வடியும் குழல் துளைகளின் ஓரத்தில் விரிசல் விழுவது அடிக்கடி நடக்கும். தள்ளுவண்டியின் முளைகளை அந்தத் துளைக்குள் செருகி, பாரத்தோடு இழுத்துப்போவதால் வருவது அது. வளைவான, குறுகலான, உள்ளே கை போகாத இடம். உங்கள் முதல் வெல்டிங் வேலையாக இதை எடுக்காதீர்கள்.

9. ஆறவிடுதல், சீவுதல், சோதித்தல்

ஈரத்துணி போடாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். திடீரென ஆற்றினால் பிளாஸ்டிக் சுருங்கி, கோணி, இணைப்பிலேயே இறுக்கம் தங்கிவிடும். இரவு முழுக்க அப்படியே விடுங்கள். மேலே ஆறியதுபோலத் தெரிந்தாலும் உள்ளே இளக்கமாகத்தான் இருக்கும். மறுநாள் மேட்டைக் கத்தியால் சீவி, அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்தால் போதும். முழுக்க மட்டமாக்க வேண்டுமென்று ஆசைப்பட்டு வெல்டிங்கையே மெல்லிசாக்கிவிடாதீர்கள்.

பிறகு முதல் படியில் செய்த அதே தண்ணீர்ச் சோதனை. கசியவில்லை என்றால் அந்த இடத்தை உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி மறுபடி பாருங்கள். முதல் நாள் முழங்கால் ஆழத்தில், கரையை ஒட்டி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். உயிர்காப்பு உடை வழக்கம்போல உடம்பில் இருக்கட்டும்.

வெல்டிங் நன்றாக இருந்தும் அதன் பக்கத்திலேயே புது விரிசல் வந்தால் கோளாறு உங்கள் கையில் இல்லை. படகு பல வருட வெயிலில் கிடந்து நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட்டது. மேற்பரப்பைத் தடவினால் விரலில் மாவுபோல ஒட்டுவது அதன் அடையாளம். அந்தப் படகுக்கு இனி கம்பியும் நேரமும் செலவழிக்க வேண்டாம்.

10. வெல்டிங் இல்லாமல் சரிசெய்யும் படகுகள்

ஏ.பி.எஸ். நல்ல பிள்ளை. அதே பிளாஸ்டிக்கின் சீவல்களை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கிப் பூசினால் கரைந்து சேரும். காய ஓரிரு நாளாவது கொடுங்கள்.

குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீனுக்கு, வளைந்துகொடுக்கும் வகை எபாக்ஸிதான் வழி. ஆனால் அப்படியே பூசினால் என் கதைதான். சுரண்டித் துடைத்த பரப்பின்மேல் புரொப்பேன் டார்ச்சின் சுடரை வேகமாக ஓட்டுங்கள். தோலை உருக்காமல் அதன் வேதித்தன்மையை மட்டும் மாற்றுவதற்காக இது. சரியாக வந்ததா என்று பார்க்க, பக்கத்தில் சுடர் காட்டிய ஓர் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்துபோல உருண்டு நின்றால் போதவில்லை, படர்ந்தால் சரி. ஈரத்தைப் போக்கிவிட்டுத் தாமதிக்காமல் எபாக்ஸியைப் பூசுங்கள்.

11. நடுவழியில் ஓட்டை விழுந்தால்

கூரைக் கசிவுக்கு ஒட்டும் பியூட்டைல் டேப்பில் ஓரடி எப்போதும் படகில் இருக்கட்டும். ஓட்டையைச் சுற்றித் துடைத்துக் காயவைத்து, டேப்பைக் கையிடுக்கில் வைத்துச் சூடாக்கி, மூலைகளை வட்டமாக வெட்டி, வெளிப்பக்கம் ஒட்டி, துடுப்பின் தண்டால் உருட்டி அழுத்துங்கள். கரை சேரும்வரை தாங்கும். வீட்டுக்கு வந்ததும் உரித்துவிடுங்கள். பிடிக்கிறதே என்று வாரக்கணக்கில் விட்டுவைத்தால் அதன் பிசின் பிளாஸ்டிக்கில் ஊன்றிவிடும், வெல்டிங்குக்கு முன் அதைச் சுரண்டி எடுக்க இன்னொரு அரைநாள் போகும்.